எல்லை கடந்த பந்து – 12: திரெவிசோவில் ஐம்பது பிள்ளைகள்

சென்ற அத்தியாயத்தை 1993 ஜூன் 7ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில், மழையில் நடந்த கார் விபத்தில் குரோஷியக் கூடைப்பந்து வீரர் டிராஜன் பெட்ரோவிச் இறந்துபோனார். வயது 28. அவருக்கும் பழைய யூகோஸ்லாவிய அணித் தோழரான செர்பியர் விலாடே டிவாட்ஸுக்கும் இடையே 1990இல் நின்றுபோன பேச்சு கடைசிவரை தொடங்கவே இல்லை. அந்த ஆண்டு பியூனஸ் அயர்ஸில் யூகோஸ்லாவியா உலகக் கோப்பையை வென்ற நேரம், குரோஷியக் கொடியோடு மைதானத்துக்குள் ஓடிவந்த ரசிகரிடமிருந்து டிவாட்ஸ் அந்தக் கொடியைப் பறித்தார். வென்றது ஒரு நாடு முழுவதும், இதில் தனிக்கொடி எதற்கு என்பது அவர் பிற்பாடு சொன்ன விளக்கம். குரோஷியாவில் யாரும் அதை ஏற்கவில்லை. பெட்ரோவிச்சும் ஏற்கவில்லை.

அந்த உலகக் கோப்பை அணியில் இந்த இருவரைத் தவிர மூன்றாவதாக ஒருவர் இருந்தார். டோனி கூகோச். ஸ்பிளிட் நகரத்துக் குரோஷியர், இடக்கைக்காரர், அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவரும் அவர்தான். பெட்ரோவிச், டிவாட்ஸ் கதையைச் சொல்கிறவர்கள் அவரை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். இந்த அத்தியாயத்துக்கு அவர் வேண்டும்.

1995 ஜூலைத் தொடக்கம். ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை. உடைந்த நாட்டின் பழைய பெயரோடு ஆடிய யூகோஸ்லாவியா தங்கம் வென்றது. அதில் டிவாட்ஸ் இருந்தார். வெண்கலம் குரோஷியாவுக்கு. அதில் கூகோச் இருந்தார். பரிசளிப்பின்போது, பழைய தோழர்களின் நாட்டுப்பண் ஒலிக்கும் வரை நிற்க மனமில்லாமல் குரோஷிய அணி மேடையை விட்டு இறங்கி வெளியே நடந்தது. அப்போது போஸ்னியாவில் போர் ஓயவில்லை. அந்த மேடைக்காட்சி நடந்து இரண்டு வாரங்களுக்குள் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பையன்களையும் நிறுத்திவைத்துச் சுட்டார்கள்.

ஆறு வருடம் கழித்து, 2001 ஜூலையில், இதே டிவாட்ஸும் இதே கூகோச்சும் இத்தாலியின் திரெவிசோ நகரில் ஒரே மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பது பிள்ளைகள். 12 முதல் 14 வயது. ஸ்லொவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாசிடோனியா, யூகோஸ்லாவியா என்று உடைந்த வீட்டின் ஐந்து துண்டுகளிலிருந்தும் வரவழைக்கப்பட்டவர்கள். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ., பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா, யுனிசெஃப் மூன்றும் சேர்ந்து நடத்தின. எல்லைகளற்ற கூடைப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஏன் திரெவிசோ? பால்கனுக்குப் பக்கம், ஆனால் பால்கன் அல்ல. பெனட்டன் துணிக் கம்பெனியின் கூடைப்பந்து கிளப் அங்கே இருந்தது. லா கிராதா என்ற பெயரில் அந்தக் குடும்பம் கட்டிய விளையாட்டு வளாகமும் இருந்தது. சிகாகோவுக்குப் போகும் முன் கூகோச் இரண்டு பருவம் ஆடியது அந்தக் கிளப்புக்குத்தான். போர் தொடங்கிய 1991இல் ஸ்பிளிட்டிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த ஊர் அது.

அந்தப் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001இல் 14 வயதென்றால் 1987இல் பிறந்தவன். சராயேவோ முற்றுகை தொடங்கியபோது அவனுக்கு ஐந்து வயது. பெல்கிரேடில் நேட்டோ குண்டு விழுந்தபோது பன்னிரண்டு. அவனைக் கொண்டுவந்து, நேற்றுவரை வீட்டில் யாரைத் திட்டக் கேட்டு வளர்ந்தானோ அந்தத் தரப்புப் பையன் கையில் பந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். நாடுவாரியாக அணி பிரிக்கவில்லை, கலந்தே பிரித்தார்கள். பந்தை எறியாமல் வைத்துக்கொண்டால் தோற்றுப்போவாய் என்பதைத் தவிர வேறு உபதேசம் தேவைப்படாத ஏற்பாடு.

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்படுவது சுலபம். என்.பி.ஏ.வின் விளம்பரப் படங்கள் இன்றுவரை அதைத்தான் செய்கின்றன. அந்த ஜூலைக்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001 ஜூனில், கல்லூரி முடித்தவர்களையும் வெளிநாட்டு இளைஞர்களையும் அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், பாவ் கசோல் என்ற ஸ்பெயின் பையன் மூன்றாம் ஆளாக எடுக்கப்பட்டார். அடுத்த வருடம் ஷாங்காயின் யாவ் மிங் முதல் ஆளாகப் போனார். 1989இல் ஃபீபா தொழில்முறை வீரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டனின் அணி உலகத்தையே வாய்பிளக்க வைத்தது, இரண்டையும் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். அந்த விதைகள் அறுவடைக்கு வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவுக்கு வெளியே நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து பெரிய சந்தையும் இருக்கிறது என்பது என்.பி.ஏ.வின் நியூயார்க் அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். முகாமின் நோக்கம் சமாதானமா வியாபாரமா என்று கேட்டால் இரண்டும்தான். ஒன்றை மறைக்க இன்னொன்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எது எப்போது முன்னே வந்தது என்பதற்கு ஒரு தடயம் இருக்கிறது: பிள்ளைகளின் வயது.

முதல் முகாமில் 12, 13, 14. கைகுலுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஏற்ற வயது. எலும்பு இன்னும் வளரும், எவன் ஏழடி ஆவான், எவன் ஐந்தரையில் நிற்பான் என்று எவராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த வருடங்களில் முகாம் ஐரோப்பாவைத் தாண்டிக் கண்டம் கண்டமாகப் பரவியபோது அழைக்கப்பட்டவர்களின் வயது 17, 18 என்று ஏறியது. டிராஃப்டுக்கு ஓரிரு வருடம் முந்தைய வயது. தோளின் அகலம், கையை விரித்தால் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் குறித்துக்கொள்ளத் தகுந்த வயது.

திரெவிசோவிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். சமாதான முகாம் நடந்த அதே லா கிராதாவில், சில வருடங்களில், ஐரோப்பிய இளைஞர்களை என்.பி.ஏ. அணிகளுக்குக் காட்டுவதற்கென்றே தனி முகாம் ஒன்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடக்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அடிடாஸ் பெயர் அதற்கு இருந்தது. டிராஃப்டுக்குச் சற்று முன்னதாக நடக்கும். 22 வயதுக்குட்பட்டவர்கள் ஆட, அணிகளின் ஸ்கவுட்டுகள் குறிப்பேட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கவுட் என்பவரின் தொழில் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து, எடை போட்டு, முதலாளிக்கு எழுதுவது. அப்படிப்பட்டவர்கள் முன்பெல்லாம் லித்துவேனியாவுக்கும் கிரீஸுக்கும் தனித்தனியே அலைந்தார்கள். இப்போது ஒரே வாரத்தில் ஒரே ஊரில் எல்லாரையும் பார்த்துவிடலாம். பெனட்டன் கிளப்பில் ஆடிய அந்திரேயா பார்ஞானி 2006 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஐரோப்பியக் கிளப்பிலிருந்து ஒருவர் நேராக முதலிடத்தில் போனது அதுவே முதல் தடவை. திரெவிசோ என்ற சிறிய ஊர், கூடைப்பந்துக்காரர்களின் தரகு மண்டி ஆகிவிட்டது.

சரி, நாலைந்து நாள் நடக்கும் எல்லைகளற்ற கூடைப்பந்து முகாமில் என்னதான் நடக்கிறது? நம் ஊர்க் கோடைப் பயிற்சி முகாமை நினைத்துக்கொள்ள வேண்டாம். பணம் கட்டிச் சேர முடியாது, அழைப்பு வர வேண்டும். காலையில் மைதானத்தைப் பல மூலைகளாகப் பிரித்து மூலைக்கொரு பயிற்சியாளர் நிற்பார். ஒருவர் தடுப்பாட்டம், ஒருவர் காலடி, ஒருவர் எறியும் முறை. பையன்கள் கூட்டம் கூட்டமாக மூலை மாறுவார்கள். மதியத்துக்கு மேல் ஐவருக்கு ஐவர் ஆட்டம். இடையில் வகுப்புகள், ஆப்பிரிக்க முகாம்களில் எச்.ஐ.வி. பற்றியும் பேசினார்கள். ஒருநாள் அநாதை இல்லத்துக்கோ, புதிதாகக் கட்டும் விளையாட்டுத் திடலுக்கோ போய்வருவார்கள். கடைசி நாள் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆட்டம், விருது, புகைப்படம். சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர்களில் பலர் என்.பி.ஏ. அணிகளின் சம்பளக்காரர்கள். சொல்லிக்கொடுத்துக்கொண்டே பார்த்துக்கொள்வார்கள்.

நாலு நாளில் யாரும் ஆட்டம் கற்றுக்கொள்வதில்லை. உடம்பு பழக மாதங்கள் வேண்டும். முகாம் செய்வது வேறொன்று: அதுவரை சொந்த ஊரைத் தாண்டித் தெரியாத ஒரு பையனின் பெயர், தொலைபேசியை எடுத்து ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடமோ கல்லூரிப் பயிற்சியாளரிடமோ பேசக்கூடிய ஒரு மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் பையனின் கதி இருக்கிறது. இதற்கு உதாரணம் தேட ஐரோப்பாவை விட்டு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

2003இல் முகாம் ஜொஹானஸ்பர்குக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் முதல் தடவை. அதற்கு முன் அந்தக் கண்டத்திலிருந்து என்.பி.ஏ.வை அடைந்தவர்கள் ஏறக்குறைய தற்செயலாகப் போனவர்கள். லாகோஸில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்த ஹக்கீம் ஒலாஜுவான் பதினைந்து வயதுக்கு மேல்தான் கூடைப்பந்தைத் தொட்டார். கின்ஷாசாவின் டிகெம்பே முட்டோம்போ மருத்துவராகும் கனவோடு உதவித்தொகையில் ஜார்ஜ்டவுன் போனவர். அங்கே அவருடைய உயரத்தைப் பார்த்த பயிற்சியாளர் விடவில்லை. பின்னாளில் அதே முட்டோம்போ ஆப்பிரிக்க முகாம்களில் பல ஆண்டுகள் வந்து நின்றார். பல மொழி பேசியவர். வந்திருக்கும் பையனிடம் அவனுக்குப் புரிகிற மொழியில் அதட்டக்கூடிய ஏழடி மனிதர்.

ஜொஹானஸ்பர்க் முதல் முகாமுக்கு வந்தவர்களில் கேமரூனின் லூக் எம்பா மூட்டே ஒருவர். ஊர்த்தலைவர் ஒருவரின் மகன். முகாமிலிருந்து ஃபுளோரிடாவில் மொண்ட்வெர்டே என்ற பள்ளிக்கு வழி திறந்தது, அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ., அங்கிருந்து 2008 டிராஃப்டில் 37ஆம் ஆளாக மில்வாக்கி. பெரிய புள்ளிக்காரர் அல்ல. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை ஒட்டிக்கொண்டு அவனை எறியவிடாமல் செய்வது அவர் வேலை. அப்படிப்பட்டவர்களின் பெயர் தலைப்புச் செய்தியில் வராது. இந்தத் தொடரில் வர வேண்டும்.

ஏனென்றால் அவர் ஊருக்குத் திரும்பிப் போனார். கோடை விடுமுறைகளில் யாவுண்டேயில் தன் பெயரில் சொந்தமாக ஒரு முகாம் போட்டார். அங்கே தேறுகிறவர்களை ஜொஹானஸ்பர்குக்கு அனுப்புவது ஏற்பாடு. எந்த ஏணியில் ஏறினாரோ அதன் அடிப்படியில் இன்னொரு படி சேர்த்தார்.

அந்த யாவுண்டே முகாமுக்கு 2011இல் அழைக்கப்பட்டவர்களில் ஜோயல் எம்பீட் என்ற பையன் இருந்தான். ராணுவ அதிகாரியின் மகன், பதினேழு வயது, ஏழடியை நெருங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனை வாலிபால் ஆட்டக்காரனாக ஐரோப்பாவுக்கு அனுப்பத்தான் யோசனை. கூடைப்பந்து தொட்டு அதிக காலம் ஆகவில்லை. முகாமின் முதல் நாள் அவன் வரவே இல்லை. பயம். தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் முன்னால் அவமானப்பட வேண்டுமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். மறுநாள் வந்தான். காட்டிக்கொடுத்த அசைவை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே செய்தான். எம்பா மூட்டேவுக்கு அது போதுமானதாக இருந்தது.

யாவுண்டேயிலிருந்து ஜொஹானஸ்பர்க். அங்கிருந்து சில வாரங்களில் ஃபுளோரிடா, எம்பா மூட்டே படித்த அதே மொண்ட்வெர்டே பள்ளி. பிரெஞ்சு மட்டும் தெரிந்த பையன், ஆங்கிலம் தெரியாது. முதல் பயிற்சியில் சக மாணவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அறைக்கு வந்து, ஒலாஜுவானின் பழைய ஆட்டங்கள் அடங்கிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு கெயின்ஸ்வில்லில் வேறொரு பள்ளி, கான்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம், 2014 டிராஃப்டில் மூன்றாம் ஆளாகப் பிலடெல்பியா. முகாமில் முதல் நாள் வராத பையன் மூன்றே வருடத்தில் கோடீசுவரன். ஆனால் பாத எலும்பு முறிந்ததால் முதல் இரண்டு பருவமும் அவர் ஆடவே இல்லை. அந்த நொண்டிக் காலத்தின் முதல் வருடத்தில் அதே பிலடெல்பியா அணியில் அவரோடு இருந்தவர் எம்பா மூட்டே. வேறொரு பெரிய ஆள்மாற்றத்தின் ஓரத்தில் அங்கே வந்து சேர்ந்திருந்தார். 2023இல் எம்பீட் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார்.

அதே 2011இல், அதே யாவுண்டே முகாமில் இன்னொரு பையனும் இருந்தான். பாஸ்கல் சியாகம். மக்கேனேனே என்ற ஊரின் மேயர் மகன். பதினோரு வயதில் பாஃபியாவில் ஒரு கத்தோலிக்கக் குருமடத்தில் சேர்த்துவிட்டார் அப்பா. பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டு முடிவு, பையனுக்கு அதில் விருப்பமில்லை. நண்பர்களோடு விளையாட்டாக முகாமுக்கு வந்தவன். ஆட்டம் சுமார், ஓட்டம் ஓயாது. மறுவருடம் 2012இல் அவனும் தென்னாப்பிரிக்க முகாமுக்குப் போனான். அண்ணன்கள் மூவர் ஏற்கெனவே அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவன் டெக்ஸஸில் ஒரு சிறிய பள்ளிக்கும் பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் போனான். 2014இல் அப்பா கார் விபத்தில் இறந்தார். ஊருக்குப் போனால் விசா சிக்கலில் திரும்பி வர முடியாமல் போகலாம் என்பதால் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. எல்லைகளற்ற கூடைப்பந்து என்ற பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த விசா ஞாபகம் வருகிறது.

2016இல் சியாகமை 27ஆம் ஆளாக எடுத்தது டொரொன்டோ. அந்த அணியின் தலைமைப் பொறுப்பில் மசாய் உஜிரி இருந்தார். நைஜீரியாவின் ஜாரியாவில் வளர்ந்தவர், ஆர்லாண்டோவுக்குச் சம்பளமில்லா ஸ்கவுட்டாகத் தொடங்கி மேலே வந்தவர், ஆப்பிரிக்க முகாமை முன்னின்று நடத்தியவர். 2019 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் சியாகம் 17 எறிகளில் 14ஐக் கூடைக்குள் போட்டு 32 புள்ளி எடுத்தார். கோப்பை டொரொன்டோவுக்கு. பக்கத்தில் ஆடிய மார்க் கசோல், பாவின் தம்பி, 2003இல் இதே முகாமின் ஐரோப்பியப் பதிப்பில் கலந்துகொண்டவர்.

கணக்கைப் பார்த்தால், 2001இலிருந்து இந்த முகாம்களில் கலந்துகொண்டவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். என்.பி.ஏ.வையோ பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வையோ எட்டியவர்கள் நூற்றுச் சொச்சம். மற்றவர்களில் பலர் கல்லூரிப் படிப்பை வாங்கினார்கள், சிலர் ஐரோப்பியக் கிளப்புகளில் ஆடினார்கள், சிலர் பயிற்சியாளர் ஆனார்கள், பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அதில் குறையொன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. எம்பீட், சியாகம் கதைகள் பரவியதும், ஆப்பிரிக்க நகரங்களில் உயரமான பையன் இருக்கிற வீட்டுக் கதவை யார் யாரோ தட்டினார்கள். அமெரிக்காவில் பள்ளி, உதவித்தொகை, பிறகு லட்சங்கள் என்று பேசினார்கள். சிலர் சொன்னபடி செய்தார்கள். சில பையன்கள் போய் இறங்கியபோது சொன்ன பள்ளி இல்லை, அல்லது காயம்பட்டதும் கைவிட்டார்கள். அந்நிய ஊரில் காலாவதியாகும் மாணவர் விசாவோடு நின்றார்கள். எம்பா மூட்டேயைப் போன்ற ஒருவர் கிடைக்காதவர்களின் கதை அது. இதற்கு முகாம்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பசியைக் கிளப்பிவிட்டதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

முகாம் வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஏதென்ஸின் தெருக்களில் கைக்கடிகாரமும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்த கியானிஸ் அன்டெடோகூன்போவைப் பார்க்க ஸ்கவுட்டுகளே கிரீஸின் இரண்டாம் டிவிஷன் ஜிம் ஒன்றுக்குத் தேடிப் போனார்கள். 2013இல் 15ஆம் ஆளாக எடுக்கப்பட்ட அவர் பெரியவரான கதை தனி அத்தியாயம்.

2015இல் நியூயார்க்கில், ஆல்-ஸ்டார் வாரத்தோடு சேர்த்து, எல்லாக் கண்டத்துப் பையன்களையும் ஒரே இடத்தில் கூட்டும் உலக முகாம் தொடங்கியது. முதல் முகாமில் கனடாவின் ஜமால் மர்ரி, பின்லாந்தின் லவ்ரி மார்க்கனென். அடுத்த வருடம் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், ஜப்பானின் ரூய் ஹச்சிமுரா, பஹாமாஸின் டியாண்ட்ரே ஏட்டன். இதற்குள் முகாம் வெளிப்படையான சந்தையாகிவிட்டது. இந்தியாவுக்கும் ஆசிய முகாம் வந்தது: 2008இலேயே டெல்லிக்கு, 2017இல் கிரேட்டர் நொய்டாவுக்கு. 2015இல் டல்லஸ் எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங் வேறு வழியில், 2010இல் கிடைத்த உதவித்தொகையோடு ஃபுளோரிடா பயிற்சிக்கூடத்துக்குப் போனவர். டிராஃப்டில் பெயர் வந்தது, என்.பி.ஏ. ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு வரவில்லை.

நாலு நாள் முகாமைத் தாண்டி யோசித்தவர்களில் ஒருவர் செனகல் நாட்டவர். பெயர் அமாடு காலோ ஃபால். டல்லஸ் அணிக்காக ஆப்பிரிக்காவில் ஆள் தேடிக்கொண்டிருந்தவர். பையன்களை விமானம் ஏற்றி அனுப்புவதற்குப் பதில் ஊரிலேயே பள்ளியும் மைதானமும் விடுதியும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தியெஸ் நகரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து என்.பி.ஏ.வின் ஆப்பிரிக்க அகாடமிக்கும், 2021இல் கிகாலியில் தொடங்கிய ஆப்பிரிக்க லீகுக்கும் வழி எப்படிப் போனது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)